ஆக்சிமீட்டரில் 98, ஹீமோகுளோபின் 7.2: அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

மயூர்விஹார்_மகன்

தில்லித் தமிழ் மக்களுக்கு வணக்கம். அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். வயது 63. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி வருவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது. "அதான் 98 இருக்கேடா, வயசாச்சு, வேற ஒண்ணுமில்லை" என்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2 என்று வந்திருக்கிறது.

சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அதற்கு முன் ஒன்று புரிய வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் இருக்கும்போது உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டில் ஏதோ ஒன்று தப்பா?

ஜனக்புரிமாமி

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கூடவே எலுமிச்சம்பழச் சாறு. சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ கொடுக்காதே, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. டாக்டரிடம் சனிக்கிழமை வரை ஏன் காத்திருக்கிறாய்?

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு

ஆக்சிமீட்டர்தான் தப்பு. அந்தச் சமயத்தில் சரோஜினி நகர் நடைபாதையில்கூட விற்றார்கள். பென்சிலை வைத்தாலும் 98 காட்டிய மாடல்கள் உண்டு.

சோதனைக்குழாய்

சார், பென்சில் கதை உண்மைதான். ஆனாலும் இந்த வீட்டில் இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில். லேபில் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆக்சிஜன் ரத்தத் திரவத்தில் நேராகக் கரைவது மிகச் சொற்பம். 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 0.3 மி.லி. மட்டுமே. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கே நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் வேண்டும். இதயம் நிமிடத்துக்குத் தள்ளுவது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் கரைந்திருப்பது 15 மி.லி. மிச்சம் முழுவதையும் சுமப்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பணுக்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஏறலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுக்க நிரம்பினால் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜன்.

ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளி ஒன்றையும் அகச்சிவப்பு ஒளி ஒன்றையும் விரல் வழியாக அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிடுகிறது. அதிலிருந்து கிடைப்பது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது மட்டும். மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆனந்த் விஹார் போகும் டிடிசி பஸ்ஸில் எல்லா சீட்டும் நிரம்பியிருக்கிறது, சரி. ஆனால் பத்து பஸ் ஓட வேண்டிய ரூட்டில் ஐந்துதான் ஓடுகிறது. அம்மாவின் நிலை அதுதான்.

கணக்கு போடுங்கள். ஹீமோகுளோபின் 14 (100 மி.லி. ரத்தத்தில் 14 கிராம்) இருப்பவருக்கு 14 × 1.34 × 0.98, அதாவது 100 மி.லி. ரத்தத்தில் 18.4 மி.லி. ஆக்சிஜன். 7.2 இருப்பவருக்கு 9.5. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது உடம்பு 100 மி.லி.க்கு 5 மி.லி. எடுத்துக்கொள்கிறது. முதல் ஆளுக்கு 13-க்கு மேல் கையிருப்பு. அம்மாவுக்கு நாலரைதான். அதனால் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. படி ஏறும்போது தொடைத்தசை பல மடங்கு கேட்கும், கொடுக்க இருப்பில்லை. இதயம் வேகமாக அடித்து, அதே ரத்தத்தை அடிக்கடி சுற்றவிட்டுச் சமாளிக்கப் பார்க்கிறது. படபடப்பும் மூச்சு வாங்குவதும் அதன் விளைவு.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மாமி சொல்வதை வழிமொழிகிறேன், சனிக்கிழமை வரை தள்ளாதீர்கள். இன்னொன்று: மாதவிடாய் நின்ற வயதில் 7.2 என்றால் "இரும்பு மாத்திரை போட்டால் ஏறிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள்.

மயூர்விஹார்_மகன்

நாளைக்கே போகிறோம். மிக்க நன்றி. அம்மாவிடம் பஸ் கணக்கைச் சொன்னேன். "அப்போ பாக்கி பஸ் எங்கே போச்சு?" என்று கேட்கிறார். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு

பஸ் எண்ணிக்கை புரிந்தது. எனக்கு வேறொரு சந்தேகம். நுரையீரலில் ஆக்சிஜனை இவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொள்ளும் ஹீமோகுளோபின், தசைக்குப் போனதும் ஏன் விட வேண்டும்? பிடிப்பது பலமாக இருந்தால் விடாது. விடுவது சுலபமாக இருந்தால் நுரையீரலில் நிரம்பாது. கால் மணி நேரமாக யோசிக்கிறேன்.

முனிர்க்கா_மாணவன்

சார், கேட்டீர்களே ஒரு கேள்வி! என் படிப்பே இதைச் சுற்றித்தான்.

பஸ் உவமை இந்த இடத்தில் உடைந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் என் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஹீமோகுளோபினில் அப்படியில்லை. ஓர் இடத்தில் ஆக்சிஜன் ஏறினால் மற்ற இடங்களில் ஏறுவது சுலபமாகிறது. ஒன்று இறங்கினால் மற்றவை இறங்குவதும் சுலபமாகிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது இரும்பணு ஒரு நூலிழை இடம் நகர்கிறது. அந்த இழுப்பில் புரதத்தின் ஒரு பாதி மற்றப் பாதிக்கு எதிராகச் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. மேக்ஸ் பெரூட்ஸ் 1930களில் கேம்பிரிட்ஜில் இதன் வடிவத்தைத் தேடத் தொடங்கி, 1959-ல்தான் முழு உருவத்தைப் பார்த்தார். 1962-ல் நோபல். ஒரே மூலக்கூறோடு இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். என் ஆராய்ச்சி நீள்கிறது என்று வீட்டில் திட்டும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கூட்டுச் செயலால் என்ன லாபம்? ஆக்சிஜன் அழுத்தத்தைக் கீழேயும் நிரம்பும் சதவீதத்தைப் பக்கவாட்டிலும் வைத்துப் படம் போட்டால் நேர்கோடு வராது, நீட்டிப் படுக்கவைத்த எஸ் மாதிரி வளைவு வரும். நுரையீரலில் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம்; அங்கே வளைவு கிட்டத்தட்டத் தட்டை. அழுத்தம் 60-க்கு இறங்கினாலும் 90 சதவீதம் நிரம்பிவிடும். திசுக்களில் அழுத்தம் 40 பக்கம். அங்கே வளைவு செங்குத்தாகச் சரியத் தொடங்குகிறது, நிரம்பியிருப்பது 75 சதவீதம். வேலை செய்யும் தசையில் 20-க்கு இறங்கினால் 35-க்குக் கீழே வந்துவிடும். நுரையீரலில் 40 மி.மீ. குறைந்ததற்கு இழப்பு எட்டு சதவீதம். தசையில் 20 மி.மீ. குறைந்ததற்கு விடுவிப்பு நாற்பது சதவீதம். ஆக, நீங்கள் சொன்ன இரண்டு எதிரெதிரான குணமும் ஒரே மூலக்கூறில் இருக்கிறது, இடத்துக்கு ஏற்ப.

இதோடு முடியவில்லை. உழைக்கும் தசையில் கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் சூடும் கூடுகின்றன. மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துபவை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஆக்சிஜன் எளிதில் கழலும் என்று 1904-ல் கோபன்ஹேகனில் காட்டியவர் கிறிஸ்டியன் போர், அணு மாதிரியைத் தந்த நீல்ஸ் போரின் அப்பா. கூட வேலை செய்தவர்கள் ஹாசல்பால்க், க்ரோக். எந்தத் தசைக்கு அதிகம் தேவையோ, அங்கேதான் அதிகம் கழல்கிறது. மேலிடத்து உத்தரவு எதுவும் தேவையில்லை, அந்த இடத்து வேதியியலே முடிவு செய்கிறது.

சிவப்பணு சுமக்கிற சரக்கில் தானே கை வைப்பதில்லை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஆக்சிஜனைச் செலவழித்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதற்குக் கிடையாது. ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை உடைத்து, சுமார் 120 நாள் ஓடிவிட்டுப் போகிறது.

ஆரோக்கியதூதர்

நண்பர்களே, இவ்வளவு வேதியியல் எதற்கு? ஆக்சிஜன் ஏற்றிய குடிநீர் தினம் இரண்டு பாட்டில், காலையில் வேகமான ஆழ்ந்த மூச்சு பதினைந்து நிமிடம். ரத்தத்தில் ஆக்சிஜன் தானாக உயரும். துவாரகாவில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம், தனிச்செய்தி அனுப்பவும்.

சோதனைக்குழாய்

தூதரே, ஒரு லிட்டர் தண்ணீரில் சுத்தமான ஆக்சிஜனைச் சாதாரண காற்றழுத்தத்தில் முடிந்தவரை கரைத்தாலும் சுமார் 30 மி.லி.தான் கரையும். நிமிடத்துக்கு 250 மி.லி. செலவாகும் உடம்புக்கு அது ஏழு விநாடிச் செலவு. அதிக அழுத்தத்தில் அடைத்திருந்தால் மூடியைத் திறந்ததும் சோடா மாதிரி புஸ்ஸென்று போய்விடும். அதுவும் போகிற இடம் நுரையீரல் அல்ல, வயிறு. நீங்கள் இந்தப் பதிவைத் தட்டச்சு செய்யும் நேரத்தில் மூச்சில் எடுத்த ஆக்சிஜன் உங்கள் இரண்டு பாட்டிலைவிட அதிகம்.

வேகமான மூச்சு விஷயம் இன்னும் மோசம். ஏற்கெனவே 98 நிரம்பிய ஹீமோகுளோபினில் இன்னும் எவ்வளவு ஏற்றுவீர்கள்? வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. முனிர்க்காத் தம்பி சொன்ன போர் விளைவு அப்படியே தலைகீழாகும், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அதை "சக்தி ஏறுகிறது" என்று விற்கிறார்கள். நிதானமாக மூச்சு விடும் பிராணாயாமத்தை நான் குறை சொல்லவில்லை, மனசுக்கு நல்லதுதான். 7.2 ஹீமோகுளோபினுக்கு அது வைத்தியம் ஆகாது.

நெறியாளர்

விற்பனைப் பதிவுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தூதரின் தொலைபேசி எண்ணை நீக்கியிருக்கிறேன். பதிவை மட்டும் விட்டுவைத்தேன், பதில் பயன்படும் என்பதால்.

ஜனக்புரிமாமி

என் மாட்டுப்பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். குழந்தை மூச்சே விடாதே, அது அம்மாவின் ரத்தத்திலிருந்துதானே ஆக்சிஜனை எடுக்க வேண்டும்? ஒரே மாதிரி ஹீமோகுளோபின் இரண்டு பக்கமும் இருந்தால் அம்மாவுடையது ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? விட்டுக்கொடுப்பது தாய்க்குணம் என்று பதில் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முனிர்க்கா_மாணவன்

மாமி, ஒரே மாதிரி இல்லை. பெரியவர்களுக்கு ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு புரதச் சங்கிலி. கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா. சிவப்பணுவுக்குள் 2,3-பிபிஜி என்று ஒரு சின்னப் பொருள் நிறைய இருக்கிறது. அது இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்து ஆக்சிஜனைக் கழற்றிவிடும். காமா சங்கிலியில் அதைப் பிடிக்கும் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் செரின். அதனால் பிபிஜி சரியாக ஒட்டாது, பிடி தளராது. பெரியவர்களின் ஹீமோகுளோபின் பாதி நிரம்ப 27 மி.மீ. அழுத்தம் வேண்டும்; குழந்தையுடையதற்கு 20 பக்கம் போதும். ஒரே இடத்தில் ஒன்று விடும், இன்னொன்று பிடிக்கும். பிறந்த பிறகு சில மாதங்களில் காமா போய் பீட்டா வந்துவிடும்.

தாய்க்குணம் இதில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், மாமி. எனக்கும் அம்மா இருக்கிறார்.

லே_போறேன்

உள்ளே நுழைகிறேன், மன்னிக்கவும். ஜூனில் தில்லியிலிருந்து விமானத்தில் லே போகிறோம். போன முறை போன நண்பருக்கு ஆக்சிமீட்டர் 86 காட்டியதாம், ஆளே பயந்துவிட்டார். வளைவு அங்கே தட்டை, 60 வரை தாங்கும் என்கிறீர்களே, அப்புறம் ஏன்?

முனிர்க்கா_மாணவன்

லே சுமார் 3,500 மீட்டர். கடல்மட்டக் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் 160 பக்கம் என்றால், அங்கே 100-ஐ ஒட்டித்தான். நுரையீரலுக்குள் ஈரப்பதமும் கார்பன் டை ஆக்சைடும் கழிந்து ரத்தத்துக்கு வருவது 60-க்கும் கீழே. தட்டைப் பகுதி முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் நிற்கிறீர்கள். அதனால் முதல் நாளில் 85-90 பலருக்கும் வரும். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் முக்கியம். படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், நடை தடுமாறினால், பேச்சு குழறினால் பேசிக்கொண்டிருக்காமல் கீழே இறக்க வேண்டும்.

முதலில் மூச்சு வேகமாகும். ஓரிரு நாளில் பிபிஜி கூடும், திசுக்களில் ஆக்சிஜன் எளிதாகக் கழலும். சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும், ஆனால் அதனால் சிவப்பணு கண்ணில் படும்படி அதிகரிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆக்சிஜன் குறைந்ததைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் ஒரு வாரப் பயணத்தில் புது ரத்தத்தை நம்ப முடியாது. முதல் இரண்டு நாள் படுத்துக் கிடங்கள். இறங்கிய அன்றே இன்னும் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாய்க்குக் கிளம்பாதீர்கள்.

ஓக்லா_பறவை

லே பேச்சு வந்ததால் ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் குருகிராம் பக்கம் சுல்தான்பூர் ஏரிக்குப் போனால் வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளத்திலேயே பழக்கம். இமயமலையைத் தாண்டி வருகிறவை. இவற்றின் ஹீமோகுளோபினில், சமவெளியில் வாழும் சாம்பல் வாத்தோடு ஒப்பிட்டால், ஆல்ஃபா சங்கிலியில் 119-வது இடத்தில் புரோலினுக்குப் பதில் அலனின். இந்த ஒரு மாற்றத்தால் ஒரு சின்னத் தொடர்பு அறுந்து, ஆக்சிஜனைப் பிடிக்கும் பலம் கூடுகிறது. மெல்லிய காற்றிலும் நிரம்பிவிடுகிறது. பெரிய நுரையீரல், தசையில் அடர்ந்த ரத்தக்குழாய்கள் எல்லாம் கூடவே உண்டு, ஹீமோகுளோபின் மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு

கவனித்தீர்களா, மனிதன் மலையேறினால் பிடியைத் தளர்த்தப் பார்க்கிறான், வாத்து இறுக்குகிறது. இரண்டில் யார் புத்திசாலி?

முனிர்க்கா_மாணவன்

உயரத்தைப் பொறுத்தது சார். நுரையீரலில் ஓரளவு நிரம்பும் உயரம் வரை தளர்த்துவது லாபம். அதற்கும் மேலே நிரம்புவதே கஷ்டம், அப்போது இறுக்கமான பிடிதான் லாபம். மிக உயரத்தில் மனிதனும் கடுமையாக மூச்சு வாங்கி, கார்பன் டை ஆக்சைடை இழந்து, வாத்துப் பக்கம்தான் போகிறான்.

மயூர்விஹார்_மகன்

டாக்டரைப் பார்த்துவிட்டோம். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகவும் குறைவு. மலத்தில் ரத்தம் இருப்பதாகப் பரிசோதனை சொல்கிறது. அடுத்த வாரம் எண்டோஸ்கோப்பி. மூட்டுவலிக்கு அம்மா வருடக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரைதான் முதல் சந்தேகம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டாம், இரும்பை ஊசி வழியாகத் தரலாம் என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினால் உடனே சரியாகிவிடாதா?

சோதனைக்குழாய்

டாக்டர் சொல்வது நியாயம். அம்மாவின் உடம்பு மாதக்கணக்கில் பழகிக்கொண்டுவிட்டது. நாள்பட்ட ரத்தசோகையில் பிபிஜி கூடி, இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினும் தாராளமாக விடுவிக்கும். அதனால்தான் 7.2-ஓடு இரண்டு மாடி ஏற முடிகிறது. விபத்தில் ஒரே நாளில் இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் கதை வேறு.

ஒரு பை ரத்தம் ஹீமோகுளோபினைச் சுமார் ஒரு கிராம் உயர்த்தும். ஆனால் குளிரில் வைத்த ரத்தத்தில் இரண்டு வாரத்துக்குள் பிபிஜி பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏற்றியதும் அந்த அணுக்கள் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும், ஆனால் விடத் தயங்கும். பழைய நிலைக்கு வர ஓரிரு நாள் பிடிக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் இதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், ஏற்றியே ஆக வேண்டும். அம்மா அந்த நிலையில் இல்லை. ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை. அந்த வலி மாத்திரையை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு

பாதி ஹீமோகுளோபினோடு படி ஏறுகிறார்கள் என்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் மூடிய அறையில் குளிர்காய அங்கீட்டி என்ற கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் வருகிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கும் பாதி மிச்சம் இருக்குமே?

சோதனைக்குழாய்

அந்தப் பாதி வேறு பாதி சார். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கிறது. அதனால் காற்றில் துளி இருந்தாலே போதும். ஒரே மூலக்கூறில் இரண்டு இடத்தில் மோனாக்சைடு உட்கார்ந்தால், மற்ற இரண்டிலும் இருக்கும் ஆக்சிஜனும் இறுகிவிடுகிறது. முன்பு நமக்குச் சாதகமாக இருந்த அதே கூட்டுச் செயல் இங்கே எதிராகத் திரும்புகிறது. ரத்தசோகைக்காரரிடம் சரக்கு பாதி, ஆனால் தாராளமாகக் கொடுப்பார். இவரிடம் சரக்கு பாதி, அதையும் கொடுக்க மாட்டார். மணமும் நிறமும் இல்லாததால் தூக்கத்தில் தெரிவதில்லை.

இன்னொரு கொடுமை, சாதாரண ஆக்சிமீட்டர் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியது என்றே எடுத்துக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடப்பார், விரலில் 98 காட்டும்.

மெட்ரோபயணி

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வாடகை வீட்டுக் குளியலறைக்கு உள்ளேயே கேஸ் கீசர், ஜன்னல் கிடையாது. குளித்துவிட்டு வந்தால் மனைவிக்குத் தலைவலி. ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

சோதனைக்குழாய்

கார்பாக்சிஹீமோகுளோபின் என்று கேளுங்கள், அதாவது மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின். ரத்த வாயுப் பரிசோதனை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைப் பிரித்து அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் இருக்கும். தலைவலி இருக்கும்போதே போங்கள். வெளிக்காற்றில் நாலைந்து மணி நேரத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும், தாமதமாகப் போனால் ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. டெஸ்ட் எப்படி வந்தாலும் சரி, கீசரை இன்றைக்கே நிறுத்திவிட்டு வீட்டுக்காரரிடம் அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள். அதுவரை வாளியில் வெந்நீர்.